‘எனக்கு வரைய வராது மிஸ்!’

ஒன்றாம் வகுப்பில் போய், “யாருக்கெல்லாம் படம் வரையத் தெரியும்?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் கையைத் தூக்கும். சில பிள்ளைகள் இரண்டு கைகளையும் தூக்குவார்கள். அதே கேள்வியை ஐந்தாம் வகுப்பில் கேட்டால் நான்கைந்து கைகள்தான் எழும். மற்றவர்கள் அந்த நான்கைந்து பேரைத் திரும்பிப் பார்த்து, “இவன் சூப்பரா வரைவான் சார்” என்று விரல் நீட்டுவார்கள். “நீ?” என்று கேட்டால், “எனக்கு வராது சார்” என்று பதில் வரும்.

இடைப்பட்ட நான்கு வருடங்களில் அந்தக் குழந்தையை யாரும் ஓவியப் பரீட்சையில் ஃபெயில் ஆக்கவில்லை. பெரிதாகத் திட்டியதும் இல்லை. தான் போட்ட யானையையும் புத்தகத்தில் இருக்கிற யானையையும் அதுவே அருகருகே வைத்துப் பார்த்தது. ‘இது நமக்கு ஆகிற வேலை இல்லை’ என்று அதுவே முடிவு செய்துகொண்டது.

இந்த முடிவால் போவது ஓவியப் போட்டிப் பரிசு மட்டும் என்றால் கவலையில்லை. அறிவியலில் செம்பருத்திப் பூவின் பாகங்களை வரையச் சொல்லும்போது அதே ‘வராது’ வந்து நிற்கும். கணக்கில் கூம்பும் உருளையும் வரும்போதும் வந்து நிற்கும். பெரியவர்களான பிறகும் விடாது. துணியில் சாக்கட்டியால் கோடு போடும் தையல்காரர், வெறும் தரையில் அறையின் அளவைக் கீறிக் காட்டும் கொத்தனார், பலகையில் பென்சிலால் குறித்துக்கொள்ளும் ஆசாரி, வழி கேட்டவருக்குத் துண்டுத் தாளில் தெருவை வரைந்து காட்டுபவர்... கோடு போட்டு யோசிப்பது பிழைப்புக்கு உதவுகிற திறமை. அதை ஒன்பது வயதில் ஒரு பிள்ளை கைகழுவிவிடுவது சின்ன இழப்பு இல்லை.

பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கு என்று தனி ஆசிரியர் கிடையாது. தமிழ், கணக்கு எல்லாம் எடுக்கிற வகுப்பு டீச்சர்தான் இதையும் பார்த்தாக வேண்டும். “எனக்கே வரைய வராதே!” என்று அவரே சொல்வதும் உண்டு. அப்படிப்பட்ட டீச்சருக்கும் கைகொடுக்கிற ஒரு வழி இருக்கிறது.

ஒவ்வொரு கோடாக...

டீச்சர் கரும்பலகையில் ஒரே ஒரு கோடு போடுவார். பிள்ளைகள் தங்கள் தாளிலோ சிலேட்டிலோ அதே கோட்டைப் போடுவார்கள். எல்லோரும் போட்டு முடித்ததும் அடுத்த கோடு. இப்படி ஏழெட்டு கோடுகளில் ஒரு ஆமையோ ஆந்தையோ பூனையோ வந்து உட்கார்ந்துவிடும். அமெரிக்கா, இங்கிலாந்துப் பள்ளிகளில் ‘டைரக்டட் டிராயிங்’ என்று இதற்குப் பெயர். தமிழில் வழிகாட்டி வரைதல் என்று சொல்லலாம். செலவே இல்லாத பாடம். சிலேட்டும் பல்பமும் போதும்.

ஒரு ஆமையைப் போட்டுப் பார்ப்போமா? வீட்டில் இருந்தால் நீங்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தாளின் நடுவில் உங்கள் கைமுஷ்டி அளவுக்கு, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு.

இரண்டாவது, கிண்ணத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு படுக்கைக் கோடு.

மூன்றாவது, வலது முனையை ஒட்டி, எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு சின்ன வட்டம். அதுதான் தலை.

நான்காவது, படுக்கைக் கோட்டுக்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டு ‘ப’ எழுதுங்கள். கால் வந்துவிட்டது!

ஐந்தாவது, இடது முனையில் குட்டியாக ஒரு வால்.

ஆறாவது, கண்ணுக்கு ஒரு புள்ளி, வாய்க்கு ஒரு வளைவு.

இங்கே டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட வேண்டும். ஆமையின் ஓடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை அவர் நிரப்பக் கூடாது. “ஓட்டுல என்ன டிசைன் போடணும்னு உங்க ஆமையையே கேளுங்க” என்று மட்டும் சொல்லலாம். ஒரு பிள்ளை கட்டம் போடும். இன்னொன்று புள்ளிக்கோலம் போடும். ஒருத்தி பூ போடுவாள். ஒருவன் ஓட்டில் கதவும் ஜன்னலும் வைத்து அதை வீடாக்கிவிடுவான். “அதோட வீடுதானே மிஸ் அது?” என்று அவன் கேட்டால், மறுத்துச் சொல்ல யாரிடமும் பதில் இல்லை.

இந்தப் பாடத்தில் ஆறு கோடுகள் டீச்சருடையவை. ஏழாவது குழந்தையுடையது. ஆறு கோடுகளுக்காக ஏழாவதை விட்டுவிட்டால், மிஞ்சுவது சொன்னதைக் கேட்கும் பயிற்சி மட்டும்தான்.

பலூன் சரி... பட்டம்?

எதை வரையக் கொடுப்பது என்பதில் வயதைப் பார்க்க வேண்டும். பார்த்து வரைகிற திறமை குழந்தைக்கு ஒரு வரிசையில்தான் வருகிறது. சுமார் மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரையிலிருந்து ஐந்துக்குள் சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். சாய்சதுரம், அதாவது டைமண்ட், கைக்கு வர ஆறு அல்லது ஏழு வயது ஆகிவிடும். குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சியைப் பார்க்கும்போது இந்த வடிவங்களைப் போடச் சொல்வதும் இதனால்தான். சில பிள்ளைகளுக்குச் சில மாதம் முன்பின் ஆகும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு “பட்டம் வரை” என்பது பெரியவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். நான்கே கோடுதானே! ஆனால் அந்த நான்கு கோடுகளும் சாய்ந்த கோடுகள். நான்கும் சரியான இடத்தில் முட்ட வேண்டும். நான்கு வயதுக் கைக்கு அது மலை. அதே பிள்ளைக்குப் பலூன் கொடுத்தால் ஒரு வட்டம், ஒரு நூல், அதோடு முடிந்தது. பட்டம் வராமல் அழுத பிள்ளை பத்து பலூன் போட்டுவிட்டு நூலை எல்லாம் ஒன்றாகக் கட்டி, கீழே தன்னையும் தொங்கவிட்டுக்கொள்ளும்.

ஆமையின் வாலும் அப்படித்தான். யு.கே.ஜி. தாண்டிய பிள்ளைகளுக்கு முக்கோண வால். அதற்கும் சின்னவர்களுக்கு ஒரு குட்டி வளைவு போதும்.

கோடுகளின் எண்ணிக்கையும் வயதோடு போக வேண்டும். மழலையர் வகுப்புக்கு நான்கைந்து படிகள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஆறு முதல் எட்டு. அதற்கு மேல் போனால் நடுவில் தொலைந்து போகிற பிள்ளைகள் அதிகம். பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

படத்துக்குள்ளே தமிழும் கணக்கும்

ஆமையின் காலுக்கு ‘ப’ போட்டதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ் எழுத்துக்கும் படத்துக்கும் கை ஒன்றுதான். சுழி, வளைவு, கொம்பு, கால், கொக்கி என்று நம் எழுத்தின் உறுப்புகள் எல்லாமே வரைகிற அசைவுகள். நத்தையின் ஓட்டைச் சுழித்துச் சுழித்து வரைந்த கைக்கு ‘அ’வின் சுழி பழகிய பாதை. மூன்று சுழி ‘ண’வில் எத்தனை சுழி என்று குழம்புகிற பிள்ளையை, ஆட்டுக்குட்டியின் உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக ரோமம் போடச் சொல்லிப் பாருங்கள். நோட்டில் பத்து தடவை எழுதச் சொன்னால் சலித்துக்கொள்கிற விரல்கள், ஆட்டுக்குட்டிக்கு ஐம்பது சுருள் போட்டுவிட்டு “இன்னொரு ஆடு போடட்டா மிஸ்?” என்று கேட்கும்.

அடுத்தது, சொற்கள். மேலே, கீழே, நடுவில், இடது, வலது, ஒட்டி, தள்ளி, உள்ளே, வெளியே, சாய்வாக, நேராக, பாதி, இரண்டு மடங்கு... இந்தச் சொற்களைக் கணக்குப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்வது கஷ்டம். “வட்டத்துக்குள்ள, மேல் பக்கமா, ரெண்டு புள்ளி” என்று காதில் விழுந்து, கண்ணால் பார்த்து, கையால் செய்தபின் அவை மறப்பதில்லை. அதனால்தான் டீச்சர் பேசாமல் வரையக் கூடாது. “இப்படிப் போடு, அப்படிப் போடு” என்றும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் பெயர், இடம், அளவு மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும்.

இதில் பெரிய பலன் அடையும் பிள்ளைகள் சிலர் உண்டு. திருப்பூர் பக்கத்துப் பள்ளிகளில், சென்னையின் புறநகர்ப் பள்ளிகளில், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். டீச்சர் கதை சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் புரியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல மொழி இருக்காது. பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். வரைகிற பதினைந்து நிமிடத்தில் மட்டும் அந்தப் பிள்ளை மற்றவர்களோடு சமமாக நடக்கும். முதலில் கண் பின்தொடரும். கூடவே காதில் ‘வட்டம்’, ‘கோடு’, ‘கண்’, ‘வால்’ ஏறும். கடைசியில் அது நீட்டுகிற ஆமையைப் பார்த்து பக்கத்துப் பிள்ளை “ஐ, சூப்பர்!” என்றால், அன்று அந்தக் குழந்தைக்கு ஒரு ஃப்ரெண்ட் கிடைத்துவிட்டது.

நினைவாற்றல் விஷயத்திலும் வரைவதற்கு ஒரு பலம் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குச் சொற்களைக் கொடுத்து, சிலவற்றை வரையவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். பிறகு நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, எழுதியதைவிட வரைந்த சொற்களே அதிகம் வந்தன. படம் அழகாக இருந்ததா என்பது இதில் முக்கியமாக இருக்கவில்லை. அது பெரியவர்களிடம் செய்த சோதனைதான். ஆனால் ஒரு சொல்லை வரைகிறவர் அந்தப் பொருளை மனதில் கொண்டுவந்து, அதன் உருவத்தை யோசித்து, கையால் செய்கிறார் என்பது எந்த வயதுக்கும் பொருந்தும்.

‘முப்பது ஆமையும் ஒரே மாதிரி இருக்கே!’

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது.

வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவிய ஆசிரியர் 1897-ல் குழந்தைகளுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார். பெரியவர்களின் படத்தைப் பார்த்து நகல் எடுக்கச் சொல்வதே அன்றைய பாடம். அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழந்தைகளை மனம் போல வரையவிட்டார். ‘குழந்தைக் கலை’ என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மதிப்பு உண்டு என்று உலகம் பேசத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-ல் எழுதிய புத்தகத்தில் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைக் கிறுக்கலில் தொடங்கிப் படிநிலைகளாகப் பிரித்தார். ஒன்பது வயதை ஒட்டி, ‘நிஜம் மாதிரி இல்லையே’ என்ற ஏமாற்றம் தலைகாட்டத் தொடங்கும் கட்டத்தையும் அதில் சொல்லியிருக்கிறார். அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்டும் கலரிங் புத்தகங்கள் அவருக்குப் பிடிக்காது. அவற்றில் பழகிய குழந்தை, தன் மனதில் இருக்கிற பறவையை விட்டுவிட்டு அச்சில் இருந்த பறவையையே திரும்பத் திரும்பப் போடத் தொடங்கிவிடும் என்றார்.

இந்தக் கவலை நிஜமானது. சுவரில் முப்பது ஆமைகள் ஒரே அளவில், ஒரே பக்கம் பார்த்து, ஒரே பச்சை நிறத்தில் தொங்கினால், அங்கே வரைந்தது ஒரே ஒருவர்தான். அவர் டீச்சர்.

ஆனால் மறுபக்கமும் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1987-ல் சீனாவின் நான்ஜிங் நகரில் குடும்பத்தோடு ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். ஒன்றரை வயது மகன், அறைச் சாவியை அதற்கான துளையில் போட முயன்றுகொண்டே இருப்பான். பெரும்பாலும் போகாது. பெற்றோர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். அங்கே வேலை செய்கிறவர்களோ, வந்து அவன் கையை மெதுவாகப் பிடித்துச் சாவியைத் துளைக்குள் வழிநடத்திவிட்டு, பெற்றோரைப் பார்த்துச் சிரிப்பார்கள். குழந்தைக்குக் கற்றுக்கொடுக்காமல் இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா என்பது அவர்கள் எண்ணம். இந்தச் சின்ன விஷயம் கார்ட்னரை ரொம்ப யோசிக்க வைத்தது. 1989-ல் வந்த அவருடைய புத்தகம் ஒன்று இந்தச் சாவியிலிருந்தே வளர்கிறது. முதலில் திறமையைக் கற்றுக்கொடுப்பதா, முதலில் தேடவிடுவதா?

நம் வீட்டு வாசலில் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. கோலம் கற்றுக்கொள்கிற சிறுமியிடம் யாரும், “உன் மனசுல இருக்கறதைப் போடு” என்று கோலமாவைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பாட்டி முதலில் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுப்பார். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி. பிறகு எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று கோடு கோடாக. முதல் கோலம் கோணலாகத்தான் வரும். அதனால் என்ன? நாளைக் காலையில் தண்ணீர் தெளித்தால் வாசல் புதுசு. அதே சிறுமி நாலு வருடம் கழித்து மார்கழியில் தானே புள்ளியைக் கூட்டி, குறைத்து, யாரும் சொல்லித்தராத கோலத்தைத் தெருவை அடைத்துப் போடுவாள். வழிகாட்டியதால் அவள் கற்பனை சுருங்கிப்போகவில்லை.

ஜப்பானிலும் இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. ‘எகாகி உதா’ என்றால் வரையும் பாட்டு. பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு. பாட்டு முடியும்போது ஒரு முகமோ மிருகமோ தாளில் இருக்கும். ‘ஹெனோஹெனோமோஹெஜி’ என்று வாயால் சொல்லிக்கொண்டே அந்த ஏழு எழுத்துகளையும் எழுதினால், புருவம், கண், மூக்கு, வாய், முக வளைவு என்று ஒரு மனித முகமே வந்துவிடும். நம் பிள்ளைகள் 2-ஐ எழுதி வாத்து ஆக்குவதற்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்!

டீச்சர்களுக்குச் சில குறிப்புகள்

பாட்டியின் கோலப் பாடம் வகுப்பறையிலும் நடக்க வேண்டும் என்றால் சில விஷயங்களில் கவனம் வேண்டும்.

* ரப்பரைப் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். ரப்பர் மேஜைக்கு வந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போகும். கோடு வழுக்கிவிட்டால், “சரி, அதையே புல்லாக்கிடலாமா? மழையாக்கிடலாமா?” என்று கேளுங்கள்.

* பலகையை மறைத்துக்கொண்டு வரையாதீர்கள். கோட்டைப் போட்டதும் ஒதுங்கி நில்லுங்கள். கடைசி பெஞ்ச் பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கோடு.

* அளவைப் பொருளால் சொல்லுங்கள். ‘பெரிய வட்டம்’ என்றால் ஒருவன் பட்டாணி போடுவான். இன்னொருவன் தாளைத் தாண்டி மேஜைக்குப் போய்விடுவான். ‘முஷ்டி அளவு’, ‘எலுமிச்சம்பழம் அளவு’, ‘பொட்டு அளவு’ என்றால் எல்லோருக்கும் புரியும். தாளை நான்காக மடித்துப் பிரித்தால், நடு எது, மூலை எது என்று மடிப்பே சொல்லிவிடும்.

* குழந்தையின் தாளில் உங்கள் கோடு விழக் கூடாது. உதவி தேவைப்பட்டால் தனியாக ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டுங்கள். “கொடு, நான் சரி பண்றேன்” என்று வாங்கித் திருத்திய படத்தை அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு தன் படமாக நினைக்காது.

* ‘அவளைப் பாரு, எவ்ளோ அழகா போட்டிருக்கா’ வேண்டவே வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் கையைக் கீழே இறக்க வைக்கிற வாக்கியங்களில் இது முதலாவது. மதிப்பெண், ஸ்டார், முதல் பரிசு எதுவும் வேண்டாம். சுவரில் ஒட்டினால் எல்லாவற்றையும் ஒட்டுங்கள்.

* பாராட்டைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘வெரி குட்’ என்பதைப் பிள்ளைகள் தினம் நூறு முறை கேட்கிறார்கள். “உன் ஆமைக்குக் கழுத்து நீளமா இருக்கே, எதை எட்டிப் பார்க்குது?” என்றால், டீச்சர் நிஜமாகவே படத்தைப் பார்த்திருக்கிறார் என்று குழந்தைக்குத் தெரியும். பதிலாக ஒரு கதையும் கிடைக்கும்.

அந்தக் கதையை விட்டுவிடாதீர்கள். பிள்ளை சொல்கிற வாக்கியத்தை அதன் வார்த்தையிலேயே படத்துக்குக் கீழே எழுதிக்கொடுங்கள். “என் ஆமை ஊருக்குப் போகுது. பஸ்சுக்குக் காசு இல்ல. அதான் நடந்து போகுது.” தானே சொன்ன வாக்கியம் என்பதால், எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைகூட அதை விரல் வைத்துப் படித்துக் காட்டும். வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் படித்துக் காட்டும்.

நடுக்கமுள்ள கை, பென்சிலைப் பிடிக்கச் சிரமப்படுகிற கை எல்லா வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவர்களுக்குத் தடிமனான கிரேயான் கொடுங்கள். தாள் நகராமல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிடுங்கள். இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளையை மேஜையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் முழங்கை யாரையும் இடிக்காது. எல்லோரோடும் சேர்ந்து வேகமாக வர முடியாத பிள்ளைக்கு, ஆறு படிகளையும் வரைந்த ஒரு அட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டால் அதன் வேகத்தில் முடிக்கும்.

மறுநாள்தான் முக்கியம்

வழிகாட்டி வரைந்த அன்றைக்கு எல்லா ஆமையும் நன்றாகவே இருக்கும். பாடம் உள்ளே போனதா என்பது மறுநாள்தான் தெரியும். கரும்பலகையில் எதுவும் இல்லாமல், “நேத்து ஆமை போட்டோமே, அது இன்னிக்கு என்ன பண்ணுது? போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள்.

சிலர் நேற்றைய ஆமையையே போடுவார்கள். சிலர் ஆமைக்குக் குட்டி போடுவார்கள். கிண்ண வளைவைக் குடையாக்குகிறவர்கள், எலுமிச்சை வட்டத்தைச் சூரியனாக்குகிறவர்கள், ‘ப’வை நாற்காலியின் கால் ஆக்குகிறவர்கள் இருப்பார்கள். நேற்று கொடுத்த கோடுகள் இன்று அவர்கள் சொத்தாகிவிட்டன. அமெரிக்க ஓவிய ஆசிரியை மோனா புரூக்ஸ் 1986-ல் எழுதிய புத்தகத்தில் புள்ளி, வட்டம், நேர்க்கோடு, வளைகோடு, மடிந்த கோடு என்று ஐந்தே வகைக்குள் எந்த உருவத்தையும் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கியதும் இதற்காகத்தான். எழுத்து தெரிந்தால் எந்தச் சொல்லையும் எழுதலாம் என்கிற மாதிரி.

மூன்றாவதாக ஒரு படியும் உண்டு. பலகையும் வேண்டாம், நினைவும் வேண்டாம். நிஜப் பொருளை முன்னால் வைத்துப் பார்த்து வரைவது. ஒரு வேப்பிலைக் கொத்து, ஒரு செருப்பு, டீச்சரின் டிபன் பாக்ஸ். “இதுல எங்கே வளைவு இருக்கு? எங்கே நேர்க்கோடு இருக்கு?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டியதுதான். வாரத்தில் ஒரு நாள் வழிகாட்டி, ஒரு நாள் மனம்போல, ஒரு நாள் பார்த்து வரைதல் என்று வைத்துக்கொண்டால் எந்தப் பக்கமும் சாய்ந்துபோகாது.

வீட்டில் செல்போன் இருக்கிறதா?

படிப்படியாக வரையச் சொல்லித்தரும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக்கிடக்கின்றன. நல்லவைதான். ஆனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தால், குழந்தை இரண்டு கோடு போடும். பிறகு வேடிக்கை மட்டும் பார்க்கும். பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் வீடியோவை நிறுத்துங்கள். வீடியோவில் வண்ணம் தீட்டத் தொடங்கியதும் போனை அணைத்துவிடுங்கள். வண்ணம் குழந்தையின் இஷ்டம். யானை ஊதா நிறத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, நீங்களும் ஒரு தாளை எடுத்து வரையுங்கள். உங்களுக்கு வராது என்பதுதான் உங்கள் தகுதியே! அம்மாவின் பூனை நாய் மாதிரி வந்திருப்பதைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டு அடுத்த கோட்டைப் போடுகிற வீட்டில், கோணலாக வந்தால் கிழித்துப் போடுகிற பழக்கம் பிள்ளைக்கு வராது. பள்ளி ப்ராஜெக்டுக்கு அப்பா ராத்திரி உட்கார்ந்து அழகாக வரைந்துகொடுக்கிற வீட்டில்தான், ‘நான் போட்டா நல்லாருக்காது’ என்பதைக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

இந்த வாரம் செய்து பாருங்கள்

மேலே சொன்ன ஆமையை உங்கள் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து போடுங்கள். ஆறு கோடு வரைக்கும் நீங்கள் சொல்லுங்கள். ஓட்டைக் காலியாக விட்டு, பென்சிலைக் கீழே வையுங்கள். “அடுத்து என்ன?” என்று பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். பதில் சொல்லாமல் இருங்கள். அரை நிமிடம் ஆகலாம், இரண்டு நிமிடம்கூட ஆகலாம். பிறகு பென்சில் தானாக நகரும். படம் முடிந்ததும் அன்றைய தேதியையும், ஆமை எங்கே போகிறது என்று பிள்ளை சொன்ன பதிலையும் பின்பக்கம் எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஐந்தாம் வகுப்பில் என்றைக்காவது “எனக்கு வராது” என்று சொன்னால், எடுத்துக் காட்ட உதவும்.